பிரிக்காத எஞ்சின்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் 'ஹெலிபேடு' என்று ஒரு மைதானம் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், கொண்டுபோய் விடுவார். ஆனால் அங்கே ஹெலிகாப்டரைப் பார்ப்பது அபூர்வம். பெரிய தலைவர் யாராவது வந்தால் உண்டு, தேர்தல் வந்தால் உண்டு. மற்ற நாட்களில் காலையில் நடைக்காரர்கள், மாலையில் கிரிக்கெட், இடையில் கிளட்ச்சைத் திடீரென்று விட்டு வண்டியை அணைத்துக்கொண்டு முழிக்கும் புது ஓட்டுநர்கள். எங்கள் வீட்டிலேயே மூன்று பேர் அந்தத் தரையில்தான் வண்டி கற்றார்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களும் இங்கே கொண்டுவந்துதான் ஓட்டிப் பார்ப்பார்கள். எண்பதுகளில் என் மாமா ஒரு பழைய சுவேகா மொபெட் வாங்கினார். அதைப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். சுவேகா திருப்பதியில் செய்த வண்டி என்றாலும் பூர்வீகம் பிரான்ஸ், மோட்டோபெக்கான் கம்பெனியின் மொபிலெட். எங்கள் தெருவில் இருந்த சொல்தா தாத்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், கடைசிவரை அதை சுவேகா என்று சொன்னதில்லை, மொபிலெத்துதான். மாமா கூட்டிவந்த மெக்கானிக் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுக் குந்தினார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். சைலன்சர் முனையில் விரலை விட்டு எடுத்து, ஒட்டிய கரியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். எழுந்து விற்பவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எஞ்சின் பிரிச்சதா?"

"ஐயோ, கையே வைக்கல."

பேரம் அதோடு முடிந்தது. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு மாமா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு ஓட்டி வந்தார்.

'பிரிக்காத எஞ்சின்.' பழைய வண்டிச் சந்தையில் இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அந்த மைதானத்துக்குப் பெயர் கொடுத்த எந்திரத்தின் சந்தையிலோ அதே சொல் நேர் எதிர்ப்பொருள் கொள்கிறது. நீண்ட நாள் ஓடிய பழைய ஹெலிகாப்டரின் எஞ்சின் இதுவரை பிரிக்கப்படவில்லை என்றால், அதைப் பிரிக்கும் செலவு வாங்குகிறவர் தலையில் விழக் காத்திருக்கிறது என்று பொருள்.

காருக்கு ஒரு வயது உண்டு, ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும். ஹெலிகாப்டரை அப்படி ஒரே வயதில் அடக்க முடியாது. அது கூட்டுக்குடும்பம் மாதிரி. உடல்கூடு முப்பது வயதுத் தாத்தா, மேலே சுழலும் இறக்கைகள் நான்கு வயதுப் பிள்ளைகள், கியர்பாக்ஸ் இடையில் வந்த மருமகள், வால் ரோட்டர் போன மாதம் பிறந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜாதகம் இருக்கிறது. அதற்கு லாக் கார்டு என்று பெயர். அந்தப் பாகம் எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது, எந்தெந்த எந்திரத்தில் எத்தனை மணி நேரம் பறந்தது, எப்போது கழற்றினார்கள், யார் கையெழுத்து என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஜாதகத்தில் முடிவு இரண்டு வகை. ஒன்று ஓவர்ஹால். குறித்த மணி நேரம் ஆனதும் கழற்றி, பிரித்து, தேய்ந்ததை மாற்றி, அளவு பார்த்துத் திரும்பப் பூட்டினால் அந்தப் பாகத்துக்கு மறுபிறவி. மற்றது ஆயுள் முடிவு. அந்த எண் வந்துவிட்டால் பாகம் பளபளவென்று இருந்தாலும், ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும், கழித்துவிட வேண்டியதுதான். கழித்ததைத் திருட்டுத்தனமாக யாரும் மறுபடி பூட்டிவிடக் கூடாது என்று அறுத்தோ நசுக்கியோ போடுவார்கள். பழைய இரும்புக்குக்கூட முழுசாகப் போகக் கூடாது.

ஏன் இத்தனை கறார்? உலோகத்தின் களைப்புதான் காரணம். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று போகுமே, அதே கதைதான், வளைவு மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு. ராபின்சன் ஆர்44 என்கிற சிறிய ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்வோம். உலகில் தனியார் அதிகம் வைத்திருக்கும் ரகங்களில் ஒன்று. அதன் ரோட்டர் நிமிடத்துக்குச் சுமார் 400 முறை சுற்றுகிறது. மணிக்கு 24,000 சுற்று. அதற்கு விதித்திருக்கும் எல்லை 2,200 மணி நேரம். அதற்குள் ஐந்தேகால் கோடிச் சுற்றுக்கு மேல் ஆகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. மோட்டார் சைக்கிளில் செயின் அறுந்தால் ஓரமாக நிறுத்திப் பீடி பற்றவைக்கலாம். மேலே அதற்கு வழியில்லை.

இந்தக் கணக்கெல்லாம் நம் ஊருக்கு எப்படி வந்தது என்று பார்த்தால் அதுவும் ஒரு பிரெஞ்சுக் கதை. 1955 மார்ச்சில் பிரான்சில் அலுவெத் 2 முதன்முதலாகப் பறந்தது. டர்பைன் எஞ்சினோடு வரிசையாக உற்பத்தியான முதல் ஹெலிகாப்டர் அதுதான். அதற்கு நான்கு மாதம் முன்புதான், 1954 நவம்பர் 1 அன்று, புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்திருந்தது. 1959-இல் பெரிய தம்பியாக அலுவெத் 3 வந்தது. 1962 ஆகஸ்ட் 16 புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள். அதே 1962-இல்தான் பெங்களூருவின் இன்றைய ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், அலுவெத் 3-ஐ இங்கேயே செய்ய பிரெஞ்சுக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. 1965-இல் முதல் எந்திரம் பறந்தது. அதற்கு ராணா பிரதாப்பின் குதிரையான சேத்தக்கின் பெயரை வைத்தார்கள். ஏழு ஆண்டு கழித்து பஜாஜ் ஸ்கூட்டருக்கும் அதே பெயர் வந்து, நாட்டில் முக்கால்வாசிப் பேருக்கு ஸ்கூட்டர்தான் சேத்தக் என்று ஆகிவிட்டது. ஹெலிகாப்டர் சேத்தக்கோ இன்றும் கடலோரக் காவல்படையில் பறக்கிறது.

அன்று ஹெலிகாப்டர் என்றால் அரசாங்கம். வாங்குகிறவரும் அரசாங்கம், ஓட்டுகிறவரும் அரசாங்கம், கடைசியில் கூரையில்லாத ஒரு மூலையில் நிறுத்திப் புல் முளைக்க விடுகிறவரும் அரசாங்கம். இரண்டாம் கை என்ற பேச்சே அபூர்வம். பாகத்தின் ஆயுளைத் தொழிற்சாலை சொல்லும், லாக் புத்தகத்தில் மையால் எழுதுவார்கள். இடையில் தெரிந்துகொள்ள வேண்டுமானால் நம் மெக்கானிக்கின் விரலுக்கு ஈடாக ஒன்று இருந்தது, இன்றும் இருக்கிறது. கியர்பாக்ஸ் எண்ணெயில் முங்கியிருக்கும் ஒரு சிறிய காந்தத் திருகு. அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். மாவு போல இரும்புத் துகள் என்றால் துடைத்துவிட்டுப் பூட்டலாம். செதில் செதிலாக ஒட்டியிருந்தால் எந்திரம் தரையைவிட்டுக் கிளம்பாது.

காகிதத்தில் ஆயுள் மிச்சமிருந்தும் காசுக்கு ஆகாமல் போன கதை ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. பழைய எந்திரம் வாங்க நினைக்கிறவர்கள், அது மாவரைக்கும் மோட்டாராக இருந்தாலும், இதைத் தெரிந்துகொள்ளலாம். 1985-இல் அரசின் ஹெலிகாப்டர் கம்பெனியான பவன் ஹன்ஸ் தொடங்கப்பட்டது. அதற்கு பிரிட்டனிலிருந்து வெஸ்ட்லேண்ட் 30 ரகத்தில் 21 ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆறரைக் கோடி பவுண்டு, பெரும்பகுதி பிரிட்டன் கொடுத்த உதவிப் பணம். உதவி என்ற பெயரில் தன் தொழிற்சாலைக்குத் தானே வேலை கொடுத்துக்கொண்டது லண்டன் என்று அப்போதே விமர்சனம் உண்டு. 1988-இல் வைஷ்ணோ தேவி அருகே ஒன்று விழுந்தது, 1989-இல் நாகாலாந்தில் இன்னொன்று. இரண்டிலும் சேர்த்துப் பத்துப் பேர் இறந்தார்கள். 1991-இல் மிச்சம் இருந்த பத்தொன்பதையும் தரையில் நிறுத்திவிட்டார்கள். ஆண்டுகள் ஓடின. கடைசியில் எல்லாமாகச் சேர்த்து ஒன்பது லட்சம் பவுண்டுக்கு விற்றார்கள். ஒன்றுக்கு ஐம்பதாயிரம் பவுண்டுகூட இல்லை.

அவை தேய்ந்துபோன எந்திரங்கள் அல்ல. ஐந்து ஆண்டுகூடச் சரியாகப் பறக்கவில்லை. லாக் புத்தகத்தை விரித்தால் பல பாகங்களில் பறக்கக் கிடைத்த மணி நேரத்தில் பெரும்பகுதி அப்படியே இருந்திருக்கும். ஆனால் உலகத்திலேயே அந்த ரகம் நாற்பதை ஒட்டித்தான் செய்தார்கள். ஓட்டுகிற வேறு ஆள் இல்லை, உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலைக்கு ஆர்வம் இல்லை. மிச்ச ஆயுளைச் செலவழிக்கச் சந்தையே இல்லாமல் போயிற்று. செல்லாத நோட்டுக் கட்டை எண்ணி என்ன பயன்?

இன்று நிலைமை வேறு. தனியார், மருத்துவமனை, சுற்றுலாக் கம்பெனி, கட்டுமானக் குழுமம் என்று பலரும் பழைய ஹெலிகாப்டரைத் தேடுகிறார்கள். எந்தப் பாகத்துக்கு எத்தனை மணி மிச்சம் என்று நீளமான பட்டியலை வைத்துக்கொண்டுதான் பேரம். தங்கத்தைக் கிராம் கணக்கில் எடைபோடுவது போல மணி கணக்கில் எடைபோடுகிறார்கள். ஒரு பாகத்தின் ஆயுள் 5,000 மணி, 4,200 ஓடிவிட்டது என்றால் புதுவிலையில் ஆறில் ஒரு பங்குகூட அதில் மிச்சம் இல்லை. இப்படி ஒவ்வொன்றாகக் கூட்டி வந்தால், பெயின்ட் மினுமினுக்கும் ஒரு எந்திரம் உள்ளுக்குள் ஏறக்குறையக் காலி என்பதும், பக்கத்தில் வெளிறிப்போய் நிற்கும் இன்னொன்று நிறைந்த குடம் என்பதும் தெரியவரும்.

ஆனால் மணி ஒன்றே கணக்கு என்று நம்புகிறவர்தான் அதிகம் ஏமாறுகிறார். ஓடுவது மூன்று கடிகாரம். ஒன்று பறந்த மணி, இன்னொன்று நாட்காட்டி, மூன்றாவது எண்ணிக்கை. பெல் 206-இல் இருக்கும் ஆலிசன் 250-சி20பி எஞ்சினில் முதல் இரண்டு டர்பைன் சக்கரங்களுக்கு 1,775 மணி நேரம் அல்லது 3,000 ஸ்டார்ட், எது முதலில் வருகிறதோ அதுதான் எல்லை. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அந்தச் சக்கரம் சில நொடிகளில் பழுக்கக் காய்கிறது, அணைத்தால் ஆறுகிறது. அந்தச் சூடும் குளிரும்தான் அதைத் தின்கின்றன. பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் நான்கு முறை அணைத்துப் போட்ட எந்திரம் 750 மணியிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும். விற்பவர் மணியை மட்டும் சொல்லி ஸ்டார்ட் எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்டால், கேட்க வேண்டியது நாம்தான்.

நாட்காட்டிதான் நம் நாட்டுக்குரிய பொறி. ஆர்44-க்கு 2,200 மணி என்று சொன்னேன் அல்லவா, அதோடு பன்னிரண்டு ஆண்டு என்பதும் உண்டு. இரண்டில் எது முந்தினாலும் முழு ஓவர்ஹால். இப்போது ஒரு சின்னக் கணக்கு. பத்து வயதான ஒன்று, 300 மணிதான் பறந்திருக்கிறது. நான்கு வயதான இன்னொன்று, 1,100 மணி பறந்துவிட்டது. "குறைவா ஓடின வண்டி" என்று ஆசைப்பட்டு முதலாவதை வாங்குகிறவருக்கு 1,900 மணி மிச்சம் இருப்பதாகத் தோன்றும். ஆண்டுக்கு நூறு மணி பறக்கிற ஆள் என்றால் இரண்டு ஆண்டில் 200 மணி பறப்பார், பிறகு நாட்காட்டி வந்து நிறுத்திவிடும். இரண்டாவதை வாங்கியவர் எட்டு ஆண்டில் 800 மணி பறப்பார். அதிகம் ஓடிய எந்திரத்தில்தான் நான்கு மடங்கு ஆயுள். மொபெட் சந்தையில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

தமிழ்நாடு அரசு 2006-இல் பெல் 412 ஒன்று வாங்கியது. முதலமைச்சர்களின் பயணத்துக்கு என்று வந்த அது 2019-க்குப் பிறகு சென்னை மீனம்பாக்கத்தில் பறக்காமல் நின்றது. ஏலம், ஏர் ஆம்புலன்ஸ் என்று யோசனைகள் மாறி மாறி வந்தன. நிற்கும் காரின் பேட்டரி இறங்கும், டயர் தட்டையாகும், அவ்வளவுதான். நிற்கும் ஹெலிகாப்டரில் ரப்பர் முத்திரைகள் காய்கின்றன, குழாய்களின் தேதி முடிகிறது, நாட்காட்டிப் பாகங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகின்றன. ஒரு மணிகூடப் பறக்காமலேயே ஆயுள் கரைகிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். அது எந்த ஊரில் வாழ்ந்தது? மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் ஊரைக் கேட்பார்களே, அந்த மாதிரி. கடற்காற்று என்னவெல்லாம் செய்யும் என்பதைப் பாண்டிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். துய்மா வீதியில் போய்ப் பழைய வீடுகளின் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். மேலே பெயின்ட் அடித்து அடித்து மொத்தமாக இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே பொருக்கு. ஹெலிகாப்டர் கியர்பாக்ஸின் கூடு பல ரகங்களில் மெக்னீசியக் கலவை. எடை குறைவு, உப்பைக் கண்டால் ஆகாது. அதனால் கடலோரத்தில் பறக்கிற எந்திரத்தின் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது அன்றாடக் கடமை. ஒரே ஆண்டு பிறந்து ஒரே மணி பறந்த இரண்டில், கடல்மேல் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆளேற்றியதும் உள்நாட்டில் நிழலில் நின்றதும் ஒன்றாகாது. இதை லாக் கார்டு வெளிப்படையாகச் சொல்லாது. விமானத்தளங்களின் பெயர்களை வைத்து நாம்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

கேட்கிற காது மாறிவிட்டது. 1986-இல் ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஷெட்லண்ட் தீவுகள் அருகே, சினூக் ஹெலிகாப்டர் ஒன்று கடலில் விழுந்து 45 பேர் இறந்தார்கள். கியர்பாக்ஸில் ஒரு பல்சக்கரம் முறிந்ததுதான் காரணம். அதன் பிறகு வடகடலில் பறக்கும் எந்திரங்களில் அதிர்வை அளக்கும் கருவிகளைப் பொருத்தத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பேரிங்கும் ஒவ்வொரு தண்டும் எப்படி அதிர்கிறது என்பது பதிவாகிக்கொண்டே இருக்கும். குந்திக் கண்ணை மூடிக் கேட்ட மெக்கானிக்குக்குப் பதில் கணினித்திரையில் ஒரு கோடு. இன்று வாங்குகிறவர் லாக் புத்தகத்தோடு அந்தப் பதிவுகளையும் சேர்த்துக் கேட்கிறார். ஆயுளைத் தவணையில் கட்டுகிற ஏற்பாடும் பரவிவிட்டது. பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு என்று எஞ்சின் கம்பெனிக்குக் கட்டிவந்தால், ஓவர்ஹால் செலவை அது ஏற்கும். இதை முதலில் கொண்டுவந்தது பிரிஸ்டல் சிட்லி என்ற பிரிட்டிஷ் கம்பெனி, அதுவும் அதே 1962-இல். பழையது வாங்கும்போது அந்தத் தவணை ஒப்பந்தம் நம் பெயருக்கு மாறுமா என்று கேட்காவிட்டால், பிரிக்காத எஞ்சினின் முழுச் செலவும் நம்முடையது.

இத்தனைக்கும் அடியில் இருப்பது காகிதம். பாகத்தின் பிறப்பிலிருந்து இன்றுவரை ஒரு நாள் விடாமல் பதிவு இருக்க வேண்டும். இடையில் ஒரு பக்கம் காணாமல் போனால், பாகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விலை பூஜ்யம்தான். இந்தியாவில் பழுதுபார்த்த பாகத்தோடு சி.ஏ. படிவம் 1 வர வேண்டும், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அவரவர் படிவம். காகிதமே மதிப்பு என்று ஆனதும் காகிதத்தைப் போலியாகச் செய்கிறவர்களும் வந்துவிட்டார்கள். லண்டனில் ஏ.ஓ.ஜி. டெக்னிக்ஸ் என்ற கம்பெனி விமான எஞ்சின் பாகங்களைப் போலிச் சான்றிதழோடு விற்றது 2023-இல் வெளியே வந்தபோது, பல நாடுகளில் விமானக் கம்பெனிகள் எஞ்சின்களைப் பிரித்துத் தேட வேண்டியதாயிற்று. பைக்கில் கிலோமீட்டரைத் திருப்பி வைக்கிற வித்தைக்கு இது பெரியண்ணன்.

காகிதம் உண்மையாக இருந்தும் போதாமல் போன நாளும் உண்டு. 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயில் டூரோய் என்ற தீவருகே ஒரு இ.சி.225 சூப்பர் பூமாவின் ரோட்டர் முழுசாகக் கழன்று தனியே பறந்து போனது. பதின்மூன்று பேர் இறந்தார்கள். கியர்பாக்ஸில் ஒரு கோள்சக்கரம் களைப்பால் வெடித்திருந்தது. அந்த கியர்பாக்ஸின் ஜாதகத்தைப் புரட்டினால், 2015-இல் ஆஸ்திரேலியாவில் லாரியில் கொண்டுபோகும்போது அது விபத்தில் சிக்கியது தெரிந்தது. தொழிற்சாலைக்குத் திரும்பிப் பரிசோதனை செய்து, பழுதுபார்த்து, சான்றிதழோடு வந்ததுதான் 2016 ஜனவரியில் இந்த எந்திரத்தில் ஏறியது. லாரி விபத்துக்கும் விரிசலுக்கும் தொடர்பு உண்டு என்று விசாரணையில் நிரூபிக்க முடியவில்லை. நான் அதை வாங்குகிற இடத்தில் இருந்தால் அந்த லாரியை மறந்திருக்க மாட்டேன். விபத்துக்குப் பிறகு வடகடலில் அந்த ரகம் ஓரங்கட்டப்பட்டது. மிச்ச மணிகளெல்லாம் லாக் கார்டில் அப்படியே இருக்க விலை மட்டும் சரிந்தது. வெஸ்ட்லேண்ட் கதை இன்னொரு கடலில்.

நம் பவன் ஹன்ஸையே 2022-இல் விற்க முயன்றார்கள். 42 ஹெலிகாப்டர்கள், சராசரி வயது இருபதுக்கு மேல், அவற்றில் முக்கால்வாசியின் ரகங்களைத் தயாரித்த கம்பெனிகளே இப்போது செய்வதில்லை என்று அரசே சொன்னது. 51 விழுக்காடு பங்குக்கு வந்த உச்ச விலை 211 கோடி ரூபாய். ஏலம் எடுத்த குழுவில் ஒரு கூட்டாளி மீது எழுந்த சட்டச் சிக்கலில் அடுத்த ஆண்டு அந்த விற்பனை ரத்தானது. 211 கோடி குறைவா அதிகமா என்று அப்போது தொலைக்காட்சிகளில் சண்டை நடந்தது. எத்தனை மணி மிச்சம், எந்தெந்தப் பாகத்தில் என்று யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஹெலிபேடு பக்கம் நடக்கப் போனேன். இருபது வயதுப் பையன் ஒருவன் பழைய பைக் பார்க்க வந்திருந்தான். போனில் வண்டி எண்ணைத் தட்டி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பாக்கி உண்டா என்று எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தான். கூட வந்த மெக்கானிக் அண்ணன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. குந்தி உட்கார்ந்து சைலன்சருக்குள் விரலை விட்டார்.

"எஞ்சின் பிரிச்சதா தம்பி?"

"இல்லண்ணா. கையே வைக்கல."

அவர் விரலை முகத்துக்கு நேரே பிடித்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.